கயிற்றின் கீழே ஒலிக்கும் பறை

அரசியல் பத்தி எழுதுபவர்களுக்கு அவசரத்தில் கைகொடுக்கும் தொடர்களுள் ஒன்று 'கயிற்றின் மேல் நடப்பது'. கூட்டணி அரசின் தலைவர் கயிற்றின் மேல் நடக்கிறார். வட்டி விகிதத்தை ஏற்றவும் இறக்கவும் இயலாத ரிசர்வ் வங்கி கயிற்றின் மேல் நடக்கிறது. இரண்டு வல்லரசுகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்ட சிறிய நாடும் அவ்வாறே. இலக்கிய விமரிசனத்திலும் இது உண்டு. உணர்ச்சிக்கும் மிகையுணர்ச்சிக்கும் இடையே கயிற்றின் மேல் நடந்த நாவலாசிரியர்களை நாம் பலமுறை பாராட்டியிருக்கிறோம். இந்த வாக்கியங்கள் அனைத்தும் எழுப்பும் சித்திரம் ஒன்றுதான். தனியொரு மனிதர், மெல்லிய கயிறு, இருபுறமும் பள்ளம், நடுவே சமநிலை. அந்தச் சித்திரத்தில் வேறு எவரும் இல்லை, ஓசையும் இல்லை.

தமிழின் பழைய வழக்குகளில் இதற்கு நிகராக இருப்பவை வேறு. 'கத்தி மேல் நடப்பது போல' என்பார்கள். 'கரணம் தப்பினால் மரணம்' என்பார்கள். இரண்டாவது தொடர் கழைக்கூத்தாடியின் ஆடுகளத்திலிருந்து நேராக மொழிக்குள் வந்தது. ஆனால் அது பேசுவது சமநிலையைப் பற்றி அன்று. ஒரு நொடியின் பிழையைப் பற்றி. 'ஆரியக் கூத்தாடினாலும் காரியத்திலே கண்' என்ற பழமொழியிலும் வருவது கழைக்கூத்துதான் என்று பொருள்கொள்வோர் உண்டு. அதுவும் சமநிலையைப் பேசவில்லை. ஆட்டத்தின் முடிவில் கிடைக்கவேண்டிய காசைப் பேசுகிறது.

ஆகவே ஒரு கேள்வி எழுகிறது. கயிற்றாட்டத்தைத் தமிழ் மரபு எதற்கெல்லாம் உவமையாக்கியது? இன்று நாம் எதற்கு உவமையாக்குகிறோம்? இவ்விரண்டுக்கும் இடையே உதிர்ந்துபோனது எது?

*

சங்க இலக்கியத்தில் கயிற்றாட்டம் குறைந்தது மூன்று இடங்களில் உவமையாகவோ பின்னணியாகவோ வருகிறது. மூன்றும் மூன்று விதமானவை.

முதலாவது, குறுந்தொகையின் 7ஆம் பாடல். பெரும்பதுமனார் பாடியது. தலைவனும் தலைவியும் ஊரை நீங்கிப் பாலை வழியே உடன்போகிறார்கள். இடைச்சுரத்தில் அவர்களைக் கண்டவர்கள் பேசுவதாகப் பாடல் அமைந்திருக்கிறது. அவன் காலில் கழல் இருக்கிறது. அவள் காலில் இன்னும் சிலம்பு இருக்கிறது, அதாவது மணம் ஆகவில்லை. இந்த நல்லவர்கள் யாரோ, இரங்கத்தக்கவர்கள் என்கிறார்கள் கண்டவர்கள். அந்தக் காட்டில் வாகை மரத்தின் முற்றி வெளுத்த நெற்றுகள் காற்றில் கலகலக்கின்றன. அந்த ஒலிக்கு உவமை, கயிற்றின் மேல் ஆடும் ஆரியரின் பறையொலி.

வாகை நெற்று காய்ந்தபின் உள்ளிருக்கும் விதைகள் ஓட்டில் மோதி ஒலிப்பதைக் கேட்டவர்களுக்கு இந்த உவமையின் துல்லியம் விளங்கும். சிறு பறையின் விடாத படபடப்பு அது. இங்கே கயிறு கண்ணுக்குத் தெரிவதில்லை, ஆடுபவரும் தெரிவதில்லை. கேட்பது பறை மட்டுமே. ஆனால் கயிற்றாட்டத்தை ஒருமுறையேனும் கண்ட வாசகனுக்கு அந்தப் பறை எப்போது வேகம் கொள்ளும் என்பது தெரியும். அடுத்த அடி வைக்கப்படும் கணத்தில் பார்ப்பவரின் மூச்சு நிற்கும்போது அது விரைகிறது. மூங்கில் அடர்ந்த அந்தச் சுரத்தில் இரு இளையவர்களின் நடையும் அத்தகையது என்பதைப் பெரும்பதுமனார் சொல்லவில்லை. சொல்லாமலே கேட்கவைக்கிறார். பேசுபவர்கள் நடப்பவர்களல்லர், பார்ப்பவர்கள் என்பதையும் கவனிக்கவேண்டும். கயிற்றின் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் கூட்டத்தின் அச்சமும் இரக்கமும்தான் பாடலின் குரல்.

இரண்டாவது, நற்றிணையின் 95ஆம் பாடல். கோட்டம்பலவனார் பாடியது. குழலும் பல வாத்தியங்களும் ஒலிக்க, முறுக்கேறிய வலிய கயிற்றின் மேல் ஆடுமகள் ஒருத்தி நடந்திருக்கிறாள். ஆட்டம் முடிந்துவிட்டது. கயிறு இன்னும் அவிழ்க்கப்படவில்லை. அத்திப்பழம் போலச் சிவந்த முகமுடைய குரங்கின் குட்டியொன்று அதில் தொங்கி ஆடுகிறது. அதைக் கண்ட குறவர் குழந்தைகள் பெரிய பாறையின் மேல் ஏறித் துள்ளித் தாளம் கொட்டுகிறார்கள். அந்தக் குன்றில் இருக்கிறது ஒரு சிற்றூர். அந்தச் சிற்றூரில் இருக்கிறாள் ஒரு கொடிச்சி. அவள் கையில் இருக்கிறது, வேறு எவராலும் விடுவிக்க முடியாதபடி பிணிக்கப்பட்ட தலைவனின் நெஞ்சு.

ஒரு முனையில் கயிறு, மறுமுனையில் கட்டுண்ட நெஞ்சு; நடுவே குன்று, ஊர், பெண் என்று பாடலே ஒரு கயிறு போல முறுக்கப்பட்டிருக்கிறது. கயிற்றின் இரண்டு இயல்புகளில் நடக்கத் தருவதை விட்டுவிட்டுக் கட்டிப்போடுவதை எடுத்துக்கொள்கிறார் கவிஞர். அபாயம் இங்கே பொருளே அல்ல. ஆடுமகளுக்குப் பிழைப்பாக இருந்தது குரங்குக் குட்டிக்கு விளையாட்டாகிவிட்டது. வாத்தியக்காரர்களின் இடத்தைக் குழந்தைகள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

மூன்றாவது, கபிலரின் குறிஞ்சிப்பாட்டு. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் அகமரபை அறிவிக்கப் பாடப்பட்டது என்று மரபு கூறும் நெடும்பாட்டு. அதில் மலைச்சாரலின் பாறைக் குழியில் பழச்சாறும் தேனும் சேர்ந்து ஊறித் தேறலாகிக் கிடக்கிறது. அதை நீரென்று எண்ணி மயில் குடித்துவிடுகிறது. பிறகு அது தளர்ந்து நடக்கும் நடை, அகன்ற ஊரின் விழாக்களத்தில் இனிய வாத்தியங்கள் ஒலிக்க, தாளத்துக்கேற்பக் கயிற்றின் மேல் ஊர்ந்து செல்லும் ஆடுமகளின் நடைபோல இருக்கிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது விந்தையான உவமை. மது உண்டு தள்ளாடும் மயிலுக்கும், தள்ளாடக் கூடாத தொழிலைச் செய்பவளுக்கும் என்ன பொருத்தம்? கயிற்றாட்டத்தைக் கூர்ந்து பார்த்திருந்தால் மட்டுமே இது புரியும். கயிற்றின் மேல் நிற்பவர் அசையாமல் நிற்பதில்லை. அவர் ஓயாமல் விழுந்துகொண்டும் ஓயாமல் தன்னை மீட்டுக்கொண்டும் இருக்கிறார். இடப்புறம் சரிந்த உடலை ஒரு சிறு அசைவு வலப்புறம் இழுக்கிறது. அது மிகுந்தால் மறுபடியும் எதிர்ப்புறம். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குச் சமநிலையாகத் தெரிவது, அருகிலிருந்து பார்ப்பவருக்கு நூறு தளர்வுகளின் தொகுப்பு. கபிலர் அருகிலிருந்து பார்த்திருக்கிறார். நம் பத்தி எழுத்தாளர்களின் 'சமநிலை'யை விட இந்த மயில் கயிற்றுக்கு மிக நெருக்கமானது.

மூன்று பாடல்களிலும் பொதுவாக இருப்பது ஒன்று உண்டு. ஒன்றில் பறை, ஒன்றில் குழலும் பல்லியமும், ஒன்றில் வாத்தியமும் தாளமும். ஓசையில்லாத கயிறு சங்கக் கவிதையில் இல்லை. அதாவது, கீழே யாரோ ஒருவர் இல்லாமல் மேலே யாரும் நடக்கவில்லை. மற்றொன்றையும் சொல்லவேண்டும். நற்றிணையிலும் குறிஞ்சிப்பாட்டிலும் கயிற்றின் மேல் இருப்பவள் பெண்.

*

கயிற்றாட்டக்காரர்களை ஆரியர் என்று பெரும்பதுமனார் அழைத்திருப்பதால் வடக்கே சற்றுப் பார்ப்பது பொருந்தும். யஜுர்வேதத்தின் வாஜசனேயி சம்ஹிதையில், 30ஆம் அத்தியாயத்தில், பலவகைத் தொழில் செய்வோரும் பலவகை உடற்கூறு கொண்டோரும் ஒவ்வொரு தெய்வத்துக்கோ இயற்கைக் கூற்றுக்கோ உரியவர்களாக நீண்ட பட்டியலில் அடுக்கப்படுகிறார்கள். அதில் மூங்கிலின் மேல் ஆடுபவனும் இருக்கிறான். அவன் ஒப்புவிக்கப்படுவது அந்தரிட்சத்துக்கு, அதாவது மண்ணுக்கும் விண்ணுக்கும் இடைப்பட்ட வெளிக்கு. அந்தரத்தில் தொங்குபவன் என்று நாம் இன்றும் சொல்லும்போது அந்தப் பட்டியலின் எதிரொலி கேட்கிறது. மண்ணில் அவனுக்கு இடம் ஒதுக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே வாசிக்கத் தோன்றுகிறது.

பாலி மொழியில் இதைவிட அழகான ஒரு கதை இருக்கிறது. சம்யுத்த நிகாயத்தில், சேதகம் என்னும் ஊரில் புத்தர் சொன்னதாக வருவது. மூங்கில் கழையில் ஆடும் ஒருவர் கழையை நிறுத்தி, மேதகதாலிகா என்ற பெயருடைய தம் மாணாக்கரைத் தம் தோளின் மேல் ஏறி நிற்கச் சொல்கிறார். "நீ என்னைக் காத்துக்கொள், நான் உன்னைக் காத்துக்கொள்கிறேன். இப்படி ஒருவரையொருவர் காத்து வித்தை காட்டிப் பரிசும் பெற்றுப் பத்திரமாக இறங்குவோம்" என்பது ஆசிரியரின் யோசனை. மாணாக்கர் மறுக்கிறார். "அது சரிவராது. நீங்கள் உங்களைக் காத்துக்கொள்ளுங்கள். நான் என்னைக் காத்துக்கொள்கிறேன். அப்போதுதான் பத்திரமாக இறங்கமுடியும்" என்கிறார். மாணாக்கர் சொன்னதே முறை என்று ஏற்கும் புத்தர் அதோடு நிறுத்துவதில்லை. தன்னைக் காப்பவன் பிறரைக் காக்கிறான். பிறரைப் பொறுமையாலும் அன்பாலும் காப்பவன் தன்னைக் காக்கிறான் என்று முடிக்கிறார்.

விழிப்புணர்வைப் பற்றிய உபதேசத்துக்குக் கழைக்கூத்தைத் தேர்ந்தெடுத்த இந்தக் கதையில் இரண்டு பேர் இருப்பது தற்செயல் அல்ல. ஒருவரின் தோள் மற்றவரின் தரை. மேலும், உபதேசம் சொல்ல வந்த இடத்திலும் அவர்கள் பரிசு பெற்றுக் கீழே இறங்கவேண்டும் என்ற நடைமுறைக் கவலையைக் கதை மறக்கவில்லை.

பிரம்மசூத்திரத்துக்கு எழுதிய உரையில் (1.1.17) சங்கரரும் ஒரு கயிற்றைக் கொண்டுவருகிறார். அது மாயவித்தைக்காரனின் கயிறு. வாளும் கேடயமும் ஏந்தி நூலைப் பற்றி வானில் ஏறுபவனாகத் தெரிகிறவன் ஒருவன். தரையில் நிற்கும் மெய்யான வித்தைக்காரன் வேறொருவன். சங்கரரின் நோக்கம் அத்வைதம். ஆயினும் அவருடைய உவமையைக் கொஞ்ச நேரம் இரவல் வாங்கிக்கொள்ளலாம். எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருக்கும்போது மெய்யானவன் கீழே நிற்கிறான்.

*

இன்று நாம் பயன்படுத்தும் தனிமனிதக் கயிறு இவற்றின் தொடர்ச்சி அல்ல. அதன் வேர் பத்தொன்பதாம் நூற்றாண்டு மேற்கில் இருப்பதாகவே தோன்றுகிறது.

1859 ஜூன் 30 அன்று பிரெஞ்சுக்காரரான பிளோண்டின் நயாகரா ஆற்றுப் பள்ளத்தைக் கயிற்றின் மேல் கடந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் தம் மேலாளர் ஹாரி கோல்கார்டைத் தோளில் சுமந்தபடி மீண்டும் கடந்தார். செய்தித்தாள்கள் அவரை உலகறியச் செய்தன. மறு ஆண்டே, தேர்தலில் நின்ற ஆபிரகாம் லிங்கனைக் கயிற்றின் மேல் தடுமாறுபவராகக் காட்டும் கேலிச்சித்திரங்கள் அமெரிக்கப் பத்திரிகைகளில் வெளிவந்தன. கயிற்றின் மேல் நடக்கும் அரசியல்வாதி என்ற உருவம் பரவலானது இத்தகைய பத்திரிகைப் பக்கங்களில்தான். ஆங்கிலப் பத்திரிகைகளின் வழியே நம் செய்தித்தாள்களுக்கும் அது வந்து சேர்ந்திருக்கவேண்டும்.

தத்துவத்தில் இதைச் செய்தவர் நீட்சே. 'ஜரதுஸ்த்ரா இவ்வாறு கூறினான்' நூலின் முதற்பகுதி 1883இல் வெளிவந்தது. அதன் முன்னுரையில், சந்தைக்கு மேலே இரண்டு கோபுரங்களுக்கிடையே கட்டிய கயிற்றில் ஒருவன் நடக்கிறான். விலங்குக்கும் அதிமனிதனுக்கும் இடையே கட்டப்பட்ட கயிறுதான் மனிதன் என்று கீழே ஜரதுஸ்த்ரா கூட்டத்திடம் பேசுகிறான். விதூஷகன் ஒருவன் பின்னால் வந்து தாவிக் கடக்க, நடப்பவன் நிலைகுலைந்து விழுகிறான். அபாயத்தையே தொழிலாகக் கொண்டவன் என்பதற்காக ஜரதுஸ்த்ரா அவனை மதித்து, அவன் உடலைத் தானே சுமந்து செல்கிறான். நீட்சேயின் கயிற்றுக்குக் கீழே கூட்டம் இருக்கிறது. ஆனால் இகழ்ச்சிக்கு உரியதாக. பெரும்பதுமனாரின் பாடலில் இரங்கி நின்ற கண்டோருக்கும் இந்தச் சந்தைக் கூட்டத்துக்கும் எவ்வளவு தூரம்!

எழுத்தாளர்கள் இந்த உடல்களைப் பார்த்துத் தம்மை எடைபோட்டுக்கொண்டதும் உண்டு. 1821இல் ஆங்கிலக் கட்டுரையாளர் ஹாஸ்லிட் இந்திய வித்தைக்காரர்களைப் பற்றி எழுதினார். லண்டனில் அவர்களின் கைத்திறனைக் கண்டபின், இத்தனை பிழையின்றி நான் செய்யக்கூடியது எது என்று தன்னையே கேட்டுக்கொண்டு, எதுவுமில்லை என்று வெட்கப்படுகிறார். ரிச்சர் என்ற கயிற்றாட்டக்காரரைக் கண்டபோது தாம் அப்போது வரைந்துகொண்டிருந்த ஓவியத்தின் மேலேயே நம்பிக்கை போனதையும் அதே கட்டுரையில் சொல்கிறார். ஆனால் கட்டுரை முடிவதற்குள், உடலின் திறமை வேறு, மனத்தின் மேதைமை வேறு என்று பிரித்துத் தமக்குரிய இடத்தை மீட்டுக்கொண்டுவிடுகிறார்.

ஜான் ஜெனேயின் கதை இதைவிடக் கசப்பானது. அவர் தம் காதலரான அப்தல்லா பெந்தாகா என்ற இளைஞரைக் கயிற்றாட்டக்காரராக்கினார். அவருக்காகவே 1957இல் 'கயிற்றாட்டக்காரன்' என்ற உரைநடைக் கவிதையை எழுதினார். கயிற்றைக் காதலிப்பது, மரணத்தின் தனிமையோடு ஆடுவது என்று கலையைப் பற்றிய ஜெனேயின் எண்ணங்களெல்லாம் அதில் திரண்டிருக்கின்றன. அப்தல்லா கயிற்றிலிருந்து விழுந்தார். காயத்துக்குப் பின் பழையபடி ஆட இயலவில்லை. 1964இல் தற்கொலை செய்துகொண்டார். கவிதை இன்றும் வாசிக்கப்படுகிறது. கயிற்றை உருவகமாகக் கொள்ளும் ஒவ்வொரு எழுத்தாளரும் அறிந்திருக்கவேண்டிய கணக்கு இது. உருவகம் விழுவதில்லை, உடல்தான் விழுகிறது.

*

உடலுக்கு வருவோம். நம் ஊர்களில் கழைக்கூத்துக்கு வேண்டிய பொருள்களை ஒரே சுமையாகக் கட்டிவிடலாம். பெருக்கல் குறிபோலக் கட்டிய இரண்டு இணை மூங்கில்கள், அவற்றின் கவையில் செல்லும் கயிறு, கயிற்றின் இரு முனைகளையும் தரையோடு பிணைக்கும் முளைகள், நடப்பவர் கையில் ஒரு நீண்ட கழி, ஒரு பறை, ஒரு தட்டு. கழி நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. எடை நடுவிலிருந்து விலகிப் பரவும்போது உடல் சரிவது மெதுவாகிறது. அந்தச் சிறு தாமதத்துக்குள் நடப்பவர் தம்மைத் திருத்திக்கொள்கிறார். கயிற்றின் இறுக்கம் முளையைப் பொறுத்தது. முளை தரையைப் பொறுத்தது. தார்ச்சாலையில் முளை அடிக்க முடியாது. ஊர்ப் பொட்டல்களெல்லாம் தார் பூசப்படவும் சுவர் எழுப்பப்படவும் தொடங்கியபோது கழைக்கூத்துக்குத் தரையே குறைந்துபோனது.

'கழையில் ஏறி ஆடினாலும் கீழே இறங்கித்தான் தியாகம் வாங்கவேண்டும்' என்னும் பழமொழி தமிழில் பல வடிவங்களில் வழங்குகிறது. தியாகம் என்பது இங்கே பரிசு. எத்தனை உயரத்தில் இருந்தாலும் பணிவு வேண்டும் என்று இதற்குப் பொருள் சொல்வார்கள். அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. கூலி மேலே கிடைக்காது என்பதே அதன் நேர்ப்பொருள்.

கீழே கிடைத்தது என்ன? 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் தொம்மரர் என்ற குடியினர் இடம்பெறுகிறார்கள். தமிழில் தொம்பர் என்றும் தொம்பக்கூத்தாடிகள் என்றும் அழைக்கப்படுபவர்கள். கழைக்கூத்து, கரணம், பிற வித்தைகள் அவர்களின் தொழில். ஒரு பகுதியினர் ஊர் ஊராகத் திரிந்தார்கள். நிலைகொண்டவர்கள் வயலில் கூலிக்கு உழைத்தார்கள், மரச்சீப்பு செய்து விற்றார்கள். இந்த விவரங்களை எழுதியபோது அரசாங்கத்துக்கு ஆர்வம் கலையில் மட்டும் இருக்கவில்லை. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நிலையான வீடின்றி அலையும் குடி எதுவாயினும் ஐயத்துக்குரியது என்ற பார்வையே அதன் அடிப்படை. சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுமைக்கும் 1952இலும் அச்சட்டம் நீக்கப்பட்டது. பார்வை அவ்வளவு எளிதில் நீங்கவில்லை.

அதற்கு ஒரு சான்று, 1959ஆம் ஆண்டின் பம்பாய் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம். பின்னர் டெல்லிக்கும் நீட்டிக்கப்பட்ட இச்சட்டம் பிச்சைக்கு எழுதிய வரையறையில், பாடுவது, ஆடுவது, குறி சொல்வது, வித்தை காட்டுவது போன்ற பாசாங்குகளின் பேரில் பொது இடத்தில் காசு பெறுவதும் அடக்கம். 2018இல் டெல்லி உயர்நீதிமன்றம் பிச்சையைக் குற்றமாக்கும் பிரிவுகளை டெல்லியைப் பொறுத்தவரை செல்லாதவை என்று அறிவித்தது. கயிற்றின் மேல் நடப்பது ஒரு பாசாங்கு என்று சட்டப்புத்தகம் கருத முடிந்திருக்கிறது என்பதை மட்டும் நாம் நினைவில் கொள்ளலாம். விழுந்தால் முறியும் எலும்பு பாசாங்கு அல்ல.

இதே வித்தை கூடாரத்துக்குள் சென்றபோது வேறொன்றானது. தலச்சேரியில் 1901இல் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் சர்க்கஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அவ்வூரிலிருந்து கிளம்பிய கண்ணன் பம்பாயோ 1930களில் ஐரோப்பிய, அமெரிக்க சர்க்கஸ்களில் கயிற்றின் மேல் துள்ளியாடிப் பெயர் பெற்றார். நுழைவுச்சீட்டு இருந்தால் அது கலை. தட்டு இருந்தால் பிச்சை. தட்டுக்காரர்களின் மனக்குறையை உதயப்பூரில் வழங்கும் கதையொன்று சொல்கிறது. பிச்சோலா ஏரியைக் கயிற்றின் மேல் கடந்தால் பாதி அரசைத் தருவதாக மகாராணா ஒரு நடனிக்கு வாக்களித்தாராம். அவள் கடந்துவிடுவாள் என்று தெரிந்ததும் கயிறு அறுக்கப்பட்டதாம். ஏரியில் இன்றும் அவள் பெயரால் ஒரு மேடை இருக்கிறது. நடந்தது எவ்வளவு என்பது வேறு விஷயம். நடப்பவர் எத்தனை திறமைசாலியானாலும் கயிற்றின் முனை அவர் கையில் இல்லை என்பதை அந்தக் கதையைச் சொல்லி வந்தவர்கள் அறிந்திருக்கிறார்கள்.

குழந்தைகளின் நிலை இன்னும் சிக்கலானது. தெருவில் கயிற்றின் மேல் இருப்பது பெரும்பாலும் ஒரு சிறுமி. எடை குறைவு, பார்ப்பவரின் மனம் இளகும் என்பவை காரணங்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. சர்க்கஸ்களில் குழந்தைகளைப் பயன்படுத்துவதைத் தடுக்க 2011 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் விளம்பரத்திலும் நடிக்கும் குழந்தைகளுக்கு நிபந்தனைகளோடு விலக்களித்து, சர்க்கஸுக்கு அந்த விலக்கை மறுத்தது. சிறுமி கயிற்றிலிருந்து இறங்கவேண்டும் என்பதில் ஐயமில்லை. இதை மரபு என்று சொல்லி அவளை அங்கேயே நிறுத்திவைக்க நினைப்பவர்கள் தம் குழந்தையை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கட்டும். ஆனால் இறங்கியவளுக்குச் சாதிச் சான்றிதழும் நிலையான முகவரியும் பள்ளியில் இடமும் கிடைக்கவேண்டும். அவள் பெற்றோரின் வித்தைக்கு மேடையும் கூலியும் வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கயிற்றிலிருந்து அவளை இறக்கி இன்னொன்றில் ஏற்றியவர்களாவோம்.

*

இத்தனைக்கும் உருவகத்தின் மேல் என்ன குற்றம் என்று கேட்கலாம். சொல் என்பது பொருளிலிருந்து விலகித்தானே வளர்கிறது? சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் ரயில் பாதையில் இருக்கும் திருநின்றவூரில் இதற்கு ஒரு விடை கிடைக்கிறது. ஆவடியையும் திருவள்ளூரையும் சுற்றித் தொழிற்சாலைகள் பெருகியபின் வாடகை வீடுகளின் ஊராகிவிட்ட அது, தமிழில் மனக்கட்டுமானத்தின் தலைநகரம் என்று சொல்லத்தக்கது. பூசலார் நாயனாரின் ஊர் அது.

பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் கதையை அறிவோம். சிவனுக்குக் கோயில் கட்ட விரும்பிய பூசலாருக்குப் பொருள் கிடைக்கவில்லை. மனத்திலேயே கட்டினார். காஞ்சியில் காடவர் கோமான் எழுப்பிய கற்கோயிலுக்கும் பூசலாரின் கோயிலுக்கும் ஒரே நாளில் குடமுழுக்கு அமைந்தது. நின்றவூரில் புகவேண்டியிருப்பதால் நாளை மாற்றிக்கொள் என்று இறைவன் அரசனின் கனவில் சொன்னார். அரசன் ஊருக்கு வந்து கோயில் எங்கே என்று கேட்டான். ஊராருக்குத் தெரியவில்லை.

இக்கதையைப் பொருளை வென்ற எண்ணத்தின் கதையாகவே பெரும்பாலும் வாசிக்கிறோம். ஆனால் சேக்கிழார் அந்த மனக்கோயிலை எப்படிக் கட்டவைக்கிறார் என்பது முக்கியம். பூசலார் முதலில் பொருளைத் தேடிச் சேர்க்கிறார். தச்சர்களைத் திரட்டுகிறார். நல்ல நாள் பார்க்கிறார். இரவிலும் கண் துஞ்சாமல் அடிநிலையிலிருந்து வரிவரியாக எழுப்புகிறார். சிகரம் வைத்துச் சுதை பூசுகிறார். கிணறு தோண்டுகிறார், மதில் எடுக்கிறார், குளம் அமைக்கிறார். மனத்தில் கட்டுபவனுக்குக் கிணறு எதற்கு? பூசலார் எதையும் விட்டுவிடவில்லை என்பதனால்தான் அது கோயில். தரையில் உள்ள ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு ஆளும் அதில் இருந்தார்கள். அவர் பெயரால் இருதயாலீசுவரர் கோயில் இன்று திருநின்றவூரில் கல்லாகவும் நிற்கிறது.

நம் கயிற்று உருவகத்தின் குறை அது மனத்தில் கட்டப்பட்டது என்பதல்ல. முளையையும் பறையையும் தட்டையும் விட்டுவிட்டுக் கட்டப்பட்டது என்பதே. கூட்டணி அரசின் தலைவர் கயிற்றின் மேல் நடக்கிறார் என்று எழுதும்போது, கயிற்றின் இரு முனைகளையும் பிடித்திருப்பது யார், தாளம் தருவது யார், அவர் விழுந்தால் யார் மேல் விழுவார் என்ற கேள்விகள் எழுவதேயில்லை. கேள்விகளை எழுப்பாத உருவகம் வெறும் பாராட்டாகிவிடுகிறது. கபிலரும் பெரும்பதுமனாரும் ஓர் ஒலியை, ஒரு தளர்ச்சியை, பார்ப்பவரின் இரக்கத்தை அதில் வைத்திருந்தார்கள். அவை இருந்ததனால்தான் இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தக் கயிறு இறுக்கமாக இருக்கிறது.

ஒன்று சொல்லி முடிக்கலாம். கோட்டம்பலவனாரின் பாட்டில் குழந்தைகள் கயிற்றின் மேல் இல்லை. கயிறு குரங்குக் குட்டிக்கு. குழந்தைகள் பாறையின் மேல் நின்று துள்ளித் தாளம் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள்.